ஏரியலின் நீளத்தைக் கணித்தல்

அரசாங்கத் தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் இல்லத்திலிருந்தே தொலைதேசத்தாருடன் உரையாடும் அன்பர்களை அமெச்சூர் வானொலியார் என்பர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் சீர்குலைந்த ஞான்று, போர்ட் பிளேரில் தங்கியிருந்த இத்தகையோரே தீவினரின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். அவ்வேளைகளில் கருவி எத்துணை உயர்ந்ததாயினும், தக்க ஏரியல் இன்றேல் பயனில்லை. ஏரியலுக்கோ செப்புக் கம்பியும், கயிறும், சிறிது கணக்குமே போதும்.

வானொலி அலை வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்லும். ஆதலின் 300-ஐ, மெகாஹெர்ட்ஸில் கூறிய அதிர்வெண்ணால் வகுப்பின் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அஃது 42.25 மீட்டர். எளிய ஏரியலாகிய டைபோலுக்கு இதில் பாதி நீளமே வேண்டும். கம்பியை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையே கேபிளை இணைப்பர். வீணைத் தந்தி இரு முனைகளில் அசைவற்று நடுவில் மிக அதிர்வதுபோல, இக்கம்பியிலும் மின்னோட்டம் முனைகளில் அற்று நடுவில் மிகுந்து நிற்கும்.

கணக்கின்படி பாதி 21.13 மீட்டர். ஆயின் அந்நீளத்துக்கு வெட்டினால் ஏரியல் குறைந்த அதிர்வெண்ணிலேயே ஒத்திசையும். கம்பி முனைகளில் மின்னேற்றம் தேங்குவதால், கம்பி தன் அளவினும் சற்று நீண்டதுபோல் நடந்துகொள்வதே காரணம். எனவே 150-க்குப் பதிலாக 143-ஐ அதிர்வெண்ணால் வகுப்பது வழக்கம். விடை 20.14 மீட்டர், கை ஒன்றுக்கு 10.07.

இந்த 143-ஐ வேதவாக்காகக் கொள்ளற்க. கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை இருப்பின் நீளம் இன்னும் குறையவேண்டும். தரையின் அண்மையும், தகரக் கூரையும், ஈரமான மரக்கிளையும் கணக்கைக் கலைக்கும். நூலில் கண்ட எண்ணுக்கே சரியாகக் கத்தரிப்பவர் பிறகு ஒட்டுப்போடவேண்டி வரும். ஆதலின் 20.60 மீட்டர் வெட்டி, உயரத்தில் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எவ்வதிர்வெண்ணில் மிகக் குறைந்த அளவைக் காட்டுகிறதென நோக்குக. அது 6.95 எனக் கொள்வோம். 20.60-ஐ 6.95-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.16 வரும். கை ஒவ்வொன்றிலும் 22 சென்டிமீட்டர் குறைக்கவேண்டும். அதையும் உடனே வெட்டாமல், முனையை மடித்துக் கம்பியோடு சுற்றி, மீண்டும் அளந்து பார்ப்பதே என் மதம். இவ்வொத்திசைவு இல்லையேல் அனுப்பிய ஆற்றலில் ஒரு பங்கு திரும்பிவந்து கருவியின் டிரான்ஸிஸ்டரைச் சுட்டுவிடவுங் கூடும். மின்சாரக் கம்பிகளின் அருகே ஏரியலைக் கட்டுவது உயிருக்கே கேடு.

இருபது மீட்டர் கம்பிக்கு விடுதியில் இடமில்லையே என்பார்க்கு ஒரு வழி உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள அமெச்சூர் வானொலி 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசுவது. அதைக் கேட்பதற்கு, கால் அலைநீளமாகிய 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை நிமிர்த்தி, அதே அளவில் நான்கை அதன் அடியில் பரப்பினால் போதும். மாடிச் சுவரின் மூலையிலேயே அடங்கிவிடும்.