அங்கத்தவர் ஆய்வுகூடம்: அமைப்பும் ஆட்சியும்

விஞ்ஞானம் கேட்டறியும் கல்வி மட்டுமன்று, செய்தறியும் கல்வியுமாம். ஆயினும் பாடசாலை கலைந்ததும் ஆய்வுகூடத்தின் கதவு பூட்டப்படுகின்றது. பாடசாலையை விட்டு நீங்கியோர்க்கோ அக்கதவு திறப்பதேயில்லை. பூநகரிப் பகுதியிலுள்ள ஜெயபுரம் போன்ற வன்னிச் சிற்றூரில், தன் கிணற்று நீர் உவர்ப்பது ஏனென்று தானே சோதித்தறிய விரும்பும் இளைஞன் எங்குச் செல்வான்? தனியொருவரால் வாங்கவியலாத கருவிகளைப் பலர் கூடி வாங்கி, விதிவகுத்துப் பொதுவிற் பயன்படுத்தும் அங்கத்தவர் ஆய்வுகூடமே இதற்குத் தக்க விடையாகும். அதனை அமைத்து நடத்தும் முறையை, ஒரு தமிழரால் உலகப் புகழெய்திய நிலையமொன்றின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

கல்கத்தா நகர மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1799இல் இலண்டனில் தோன்றிய றோயல் இன்ஸ்ரிரியூசன் அதற்கு முன்மாதிரி. அங்கத்தவரும் புரவலரும் ஈந்த பொருளே அதன் முதல். இயேசு சபையைச் சார்ந்த லாபோன் அடிகளார் துணைநின்று விரிவுரையாற்றினார். விசியநகர மகாராசாவின் கொடையால் ஆய்வுகூடம் எழுந்தது. மண்டபமும் கருவிகளும் வாய்த்தன. ஆயின் இடைவிடாது ஆராய்வார் வாய்த்திலர். அக்குறை தீராமலே சர்க்கார் 1904இல் மறைந்தார்.

1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்ற இராமனுக்கு அப்பொழுது வயது பதினெட்டே. திராம் வண்டியிற் செல்லுகையில் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு, இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆய்வுகூட உதவியாளர் ஆசுதோஷ் டே. அன்றுமுதல் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும், காலையும் இரவும், இராமன் அங்கு ஆராய்ந்தார். ஆசுதோஷ் டேயும் அவருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதுமளவுக்கு உயர்ந்தார். இருபத்தோராண்டு கழித்து, 1928 பெப்ரவரி 28ஆம் நாள், இராமன் விளைவு அக்கூடத்திலேயே வெளிப்பட்டது. கே. எஸ். கிருஷ்ணன் உடனுழைத்தார். இரசவாவி விளக்கும் சிறு நிறமாலைகாட்டியுமே அன்று முதன்மையாகப் பயன்பட்ட கருவிகள். 1930இல் நோபல் பரிசு கிட்டியது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாது? முப்பதாண்டு தேடிய பொருளும் கருவியும் செய்யாததை, உரிய வேளையில் திறந்த கதவு செய்தது. ஆகவே கருவிப் பட்டியலை எழுதுமுன், திறக்கும் நேரத்தையும் திறப்பவரையும் முடிவுசெய்தல் வேண்டும். உழைப்போர்க்கு ஓய்வு கிட்டும் மாலையிலும் விடுமுறை நாளிலும் திறவாத கூடம் வெறும் காட்சிச்சாலையேயாம்.

மற்றொரு பாடமும் உண்டு. இராமன் பெங்களூருக்குச் சென்றபின், 1934இல் அங்கத்தவர் உரிமை குறித்து எழுந்த பிணக்கினால் கழகத்தின் ஆட்சி அவர் கையினின்றும் நீங்கியது. யார் அங்கத்தவராகலாம், வாக்குரிமை எப்பொழுது வரும், காரியதரிசியின் பதவிக்காலம் எத்துணை என்பன நட்பு நிலவும் காலத்திலேயே எழுதப்படல் வேண்டும். பிணக்கு வந்தபின் எழுதும் விதி ஒரு சாராரின் விதியாகவே கருதப்படும்.

இனி, அன்றாட ஆட்சியை நோக்குவோம். சந்தாப் பணம் இரசாயனப் பொருள்களுக்கும் பழுதுபார்த்தலுக்கும் போதுமானதாயிருத்தல் வேண்டும். நன்கொடையை நம்பிக் கருவி வாங்கலாம், நாட்செலவு செய்தல் ஆகாது. அங்கத்தவர் எவரும் பயிற்சி பெற்றுத் தேறியபின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். அமிலத்தை நீரினுள் ஊற்றுக, நீரை அமிலத்தினுள் ஊற்றற்க என்பது முதலாய காப்பு விதிகள் சுவரில் எழுதப்படுக. தனியே எவரும் அபாயகரமான பரிசோதனை செய்தலாகாது. கழிவு அமிலம் கிணற்றருகே கொட்டப்படலாகாது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும். பயன்படுத்தியவர், நாள், கண்ட பழுது ஆகியவை அதிற் பதியப்படுக. பழுதை மறைத்தலே குற்றம், பழுதாக்கியது குற்றமன்று என்ற மரபு நிலைபெறின் கருவிகள் நெடுங்காலம் வாழும். 2010இல் நியூயோர்க் நகரின் புரூக்ளினில் தொடங்கிய ஜென்ஸ்பேஸ் என்னும் உயிரியற் கூடமும், பயிற்சி பெற்ற பொதுமக்களுக்கு ஆய்வுக் கதவைத் திறந்துவிட்ட நிலையமேயாகும்.

ஜெயபுரத்துக்கு வேண்டியது பெருங்கூடமன்று. ஓர் அறை, நீர்க்குழாய், மின்கடத்துமானி, பீ.எச். மானி, நுணுக்குக்காட்டி, நைத்திரேற்றுச் சோதனைப் பொருள்கள் ஆகியன தொடக்கத்துக்குப் போதும். பத்துக் கிணறுகளின் நீரை இரு வாரத்துக்கொருமுறை, மாரியிலும் கோடையிலும், ஒரே முறையில் அளந்து எழுதினால், என்றோ ஒருநாள் வந்துசெல்லும் நிபுணர் பெறவியலாத பதிவு ஊராரிடம் சேரும். ஐயம் எழும்போது கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களையோ, 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாய் இயங்கும் வவுனியாவையோ நாடலாம்.

ஆசிரியர் வழிகாட்டவும், பழைய மாணவர் பொருளீயவும், மாணவர் உழைக்கவும் முன்வருவரேல் இது கைகூடும். ஆயினும் முதலில் ஒருவர் திறவுகோலை ஏற்றல் வேண்டும். தட்டுபவர் யாரென்பதை நாம் முன்கூட்டி அறியோம். தட்டும் வேளையில் உள்ளே ஆளிருத்தலே நம் கடமை.