டிரைவ்ஷாஃப்ட்டை வீட்டிலேயே மாற்றுகிறீர்களா? ரசீதில் தொடங்குங்கள்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது டிரைவ்ஷாஃப்ட்டின் வெளிமுனையிலுள்ள சிவி ஜாயிண்ட். நேராக ஓடும்போது எண்ணெய் மிதித்ததும் வண்டி நடுங்கினால் உள்முனையைச் சந்தேகிக்க வேண்டும். மூலகாரணம் பல நேரம் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் கிழிசல்தான். அது கிழிந்ததும் கிரீஸ் வெளியே தெறிக்கும், செம்மண் தூளும் மழைத்தண்ணீரும் உள்ளே புகும். பெம்பானிலிருந்து ஜாசினுக்குத் தார்ச்சாலையில் மட்டும் போய்வரும் வண்டியைவிட, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்பாதையில் தினமும் குலுங்கும் வண்டிக்கு இந்த வினை சீக்கிரம் வரும்.

கூலி மிச்சம் என்று பலர் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். யூடியூப் இருக்கிறது; மச்சானுக்கும் கொஞ்சம் கைவேலை தெரியும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் கூலியை மிச்சப்படுத்தும்போது சில உரிமைகளும் கைவிட்டுப் போகின்றன. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரமாக ஒரு சேவை செய்பவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்தாக வேண்டும். விற்கும் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். வொர்க்‌ஷாப்பே பாகத்தை வாங்கி மாட்டினால் இரண்டுக்கும் அதுதான் பொறுப்பு. நீங்களே மாட்டினால் வேலைக்குப் பொறுப்பு நீங்கள். கடைக்காரரிடம் கேட்க மிஞ்சுவது பாகத்தின் தரம் மட்டும். ஒரு மாதத்தில் ஷாஃப்ட் மறுபடி சத்தம் போட்டால் அவர் முதலில் சொல்லப்போவது, "நீங்க மாட்டினது சரியில்ல" என்பதுதான். அதற்குப் பதில் வேண்டுமானால் ஆதாரம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

ஆகவே ரசீது. கடைப்பெயர், தேதி, வண்டியின் மாடலும் ஆண்டும், பாகத்தின் எண், அது புதியதா, ரீகண்டிஷனா, ஹாஃப்கட் கடைப் பழையதா என்பது எல்லாம் அதில் எழுத்தில் வரட்டும். பழையது என்று தெரிந்தே வாங்கினால் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்கலாம். வாங்குமுன் கடைக்காரர் சுட்டிக்காட்டிய குறையைப் பிறகு குறை என்று சொல்ல முடியாது. அசல் பிராண்டு பெட்டிக்குள் போலிச் சரக்கை வைத்து விற்றால் அது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். சட்டம் தரும் உரிமையைப் பலகை பறிக்க முடியாது. ஃபேஸ்புக்கில் தனியாள் ஒருவர் தன் பழைய பாகத்தை விற்பது வியாபாரம் ஆகாது. அங்கே இந்தச் சட்டத்தின் துணை கிடைக்காது. கூலி வாங்கிக்கொண்டு வீடு தேடிவந்து மாட்டித்தருவதைத் தொழிலாக வைத்திருப்பவர் விஷயம் வேறு. அவருக்கும் சட்டம் பொருந்தும். வாட்ஸ்அப்பில் கூலி பேசிய செய்தியை அழிக்காதீர்கள்.

வாங்குமுன் இன்னொன்று. பெரொடுவா அருஸும் டொயோட்டா ரஷ்ஷும் பின்சக்கர இழுவை வண்டிகள். அவற்றின் முன்சக்கரத்தில் டிரைவ்ஷாஃப்ட்டே கிடையாது. வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் புரொபெல்லர் ஷாஃப்ட் வேறு சமாச்சாரம். முன்சக்கர இழுவை வண்டிகளிலும் ஒரே மாடலுக்குள் பல் எண்ணிக்கையும் ஏபிஎஸ் வளையமும் மாறலாம். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் வாங்கக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் கையே வைக்காதீர்கள். பெரொடுவா, புரோட்டோன் இரண்டும் பெரும்பாலான புது வண்டிகளுக்கு 5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன; சர்வீஸ் சென்டரிடம் கேட்காமல் நீங்கள் செய்யும் வேலை பிறகு தகராறுக்கு இடமாகும்.

இனி உயிர் விஷயம். வண்டியோடு வரும் ஜேக் டயர் மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பி அடியில் படுப்பவர் குடும்பத்தை நினைக்கவில்லை என்றுதான் சொல்வேன். மண்தரையில் அது சாயும், புதையும். சமமான சிமெண்டுத் தரை, இரண்டு ஜேக் ஸ்டாண்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை: இவை இல்லையென்றால் வேலையைத் தொடங்கக் கூடாது. டிரைவ்ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் நடு நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய வண்டியில் முழு பலம் கொடுத்தால் அது ஸ்டாண்டிலிருந்து சரியலாம். பிரேக் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். உள்முனையை நெம்பும்போது ஆயில் சீல் கிழிந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகும். ஒழுகியதை அந்த வண்டிக்குரிய எண்ணெயாலேயே அளவு பார்த்து நிரப்ப வேண்டும். நடு நட்டு புதிதாக இருக்கட்டும். அதைக் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது: பல வண்டிகளில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும், உங்கள் மாடலின் கையேட்டு அளவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இந்த வேலை உங்களுக்கில்லை. மாட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். "மாட்டினது சரியில்ல" என்ற பேச்சுக்கு அந்தப் படங்கள்தான் மறுமொழி.

பாகம் பழுதென்றால் கடையிடம் எழுத்தில் கேளுங்கள்: பழுதுபார்த்தல், மாற்றுப் பொருள், அல்லது பணம். காலம் கடத்தினால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையே போய்விடலாம். மசியவில்லையென்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பணத்தைத் திரும்பப் பெற வழி, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். உங்களுக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது, கடைக்காரருக்கும் அப்படியே. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். போகும்போது ரசீது, படங்கள், பழுதான ஷாஃப்ட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கோரிக்கை முடியும்வரை அந்த ஷாஃப்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.