வீடு பார்க்க வருகிறார்கள்!

கடையில் ஒரு சாரியை எடுத்து விரித்துக் காட்டுவது நமக்கு ஒரு பெரிய வேலையல்ல. பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டையே விரித்துக் காட்ட வேண்டி வந்தால் என்ன நடக்கும் என்பதை, முப்பது வருடம் ஹேவாஹெட்ட பஸாரில் புடைவைக்கடை நடத்திய நான் 2025 ஆம் ஆண்டில்தான் படித்துக்கொண்டேன். அந்தப் படிப்பினை மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் இவ்வாரம் அதையே எழுதுகிறேன்.

ஹேவாஹெட்ட நிர்வாகத்தில் நுவரெலியா மாவட்டத்து ஹங்குராங்கெத்த பிரிவைச் சேர்ந்தது. ஆனாலும் சாமான் எடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் தலாத்துஓயா வழியாக நாம் இறங்குவது கண்டிக்குத்தான். பஸாருக்கு மேலே, தேயிலைச் சரிவை வெட்டி, 14 பேர்ச் காணியில் எங்கள் வாப்பா 1978 இல் கட்டிய வீடு அது. 2022 நெருக்கடியில் என் கடை ஆட்டம் கண்டது. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளியால் கூட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓவர்டிராப்ட் எடுத்துத் தொழில் செய்த நம் போன்றவர்களின் கழுத்தில்தான் அது இறங்கியது. இரண்டு வருடம் சமாளித்துப் பார்த்தேன். முடியவில்லை. பிள்ளைகளும் கண்டியில் இருப்பதால், 2025 ஜனவரியில் வீட்டை விற்பதென்று முடிவெடுத்து, மூன்று தரகர்களிடம் சொல்லிவைத்தேன். கேட்ட விலை 95 இலட்சம்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் வாசலில் வேன் நிற்கும். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் வரும். இஷாவுக்குப் பிறகு டோர்ச் அடித்துக்கொண்டு காணி எல்லை பார்க்க வந்தவர்களும் உண்டு. வாங்குகிற நோக்கமே இல்லாமல், "சும்மா விலை கேட்டுப் பார்ப்போம்" என்று வந்தவர்கள் பாதிப் பேர். வந்த ஒருவர் தன் போனில் எடுத்த வீடியோ, கொடியில் காய்ந்த எங்கள் வீட்டுப் பெண்களின் உடுப்போடு வட்ஸ்அப்பில் சுற்றி, கம்பளையிலுள்ள என் மைத்துனரின் போனுக்கே வந்து சேர்ந்தது.

இவற்றையெல்லாம் "விற்கிறவன் பொறுக்கத்தானே வேண்டும்" என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் மார்ச் மாதத்தில் ஒருநாள் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

நான் கடையில் இருந்தேன். தரகர் ஒருவர் எனக்கு ஒரு போன்கூட எடுக்காமல் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மனைவி குசினியில். தரகரே உரிமையோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டி, கடைசியில் உம்மாவின் அறைக் கதவையும் திறந்துவிட்டார். உம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது, படுத்த படுக்கை. தலையில் முக்காடு இல்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாராம்.

இரவு நான் வந்ததும் உம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"வூட்ட வித்துட்டியா மகன்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் வீடு விற்கப் போகிற விடயத்தை நான் உம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. கேட்டால் மனம் உடைந்து போவார் என்று மறைத்திருந்தேன்.

மறைத்தது அது ஒன்று மட்டுமல்ல. வீட்டின் பின்னால் மண் சரிந்து வராமல் வாப்பா கட்டிய கருங்கல் அணை கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. அதனால் சாலையின் பின்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு விழுந்திருந்தது. தரகர் ஒருவரின் ஆலோசனைப்படி அதன்மேல் ஒரு பெரிய கலண்டரை மாட்டியிருந்தேன். ஆக, மறைக்கவேண்டிய வீட்டாரை ஊருக்குத் திறந்துவிட்டு, திறந்து காட்டவேண்டிய குறையைக் கலண்டரால் மூடியிருக்கிறேன்! எல்லாமே தலைகீழ். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உரிமையாளர் யார்?

மறுநாள் இரண்டு தங்கச்சிமாரையும் வரவழைத்து, உம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல வேண்டியது மகனின் கடமை மட்டுமல்ல, சட்டமும் அதுதான். வாப்பா 2009 இல் மௌத்தானார். உயில் ஏதும் இல்லை. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம்களின் மரண சாதன முறையற்ற வாரிசுச் சட்டத்தின்படி பராயிள் முறையில்தான் சொத்து பிரியும். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிகுதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. எங்கள் கணக்கில் வீட்டை 32 பங்காக வைத்தால் உம்மாவுக்கு 4, எனக்கு 14, தங்கச்சிமாருக்கு 7 வீதம். உம்மாவின் கையொப்பம் இல்லாமல் முழு வீட்டையும் எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. சொந்தக்காரிக்கே சொல்லாமல் அவருடைய அறைக் கதவைத் திறந்து காட்டியிருக்கிறோம்!

உம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "கடனோட இருக்கிறத விட வித்து அடைக்கிறது நல்லம். ஆனா ஆள் வாறதுக்கு முன்னால எனக்குச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். மூன்று மாதம் நான் பயந்தது இந்த இரண்டு வசனத்துக்கு.

நாங்கள் போட்ட ஒழுங்கு

அதன்பிறகு தரகர் மூவரையும் கடைக்கு அழைத்து, ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். இது நம் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலாவது, நேரம். சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12 வரை. வேண்டுமானால் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். முதல் நாளே போன் எடுத்துச் சொல்ல வேண்டும். சூரா நூரில் அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவது தடுக்கப்பட்டிருப்பது நமக்குத் தெரியும். அதே சூராவில் பஜ்ருக்கு முன், பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டிலுள்ள பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்று இருக்கிறது. சொந்தப் பிள்ளைக்கே அப்படியென்றால் தரகருக்கு எப்படி?

இரண்டாவது, நான் இல்லாமல் எவரும் உள்ளே வரக்கூடாது. முதலில் காணி எல்லை, தண்ணீர் வசதி, பாதை ஆகியவற்றை வெளியே காட்டுவது. அங்கேயே பாதிப் பேர் திருப்தியில்லாமல் திரும்பிவிடுவார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள். அவர்கள் சாலையையும் முன்னறைகளையும் பார்க்கும்போது பெண்கள் பின்னறையில். பின்பக்கம் பார்க்கும்போது பெண்கள் முன்னறையில். உம்மாவின் அறை கடைசியில், உம்மா சரி என்ற பிறகு. வந்தவர்களில் பெண்கள் மட்டும் சலாமோ வணக்கமோ சொல்லி உள்ளே போய்ப் பார்ப்பார்கள். இந்த ஒழுங்கைக் கேட்டு எவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மாறாக, வீட்டை மதிக்கிற குடும்பம் என்று எண்ணி மரியாதையாக நடந்தார்கள்.

மூன்றாவது, உள்ளே போட்டோ, வீடியோ எடுக்கக்கூடாது. வீட்டை ஒழுங்குபடுத்தி நானே எடுத்த பத்துப் போட்டோக்களைக் கேட்டவர்களுக்கு அனுப்பினேன்.

நான்காவது, உறுதியின் மூலப்பிரதி எவர் கைக்கும் போகக்கூடாது. போட்டோப் பிரதி கொடுக்கலாம். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பது வாங்குபவரின் நொத்தாரிசுடைய வேலை. நகை நட்டுகளையும் அந்த நாட்களில் வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

காணி விற்பனையில் வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் வலுவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்கவேண்டும். ஆகவே உறுதியில் கையொப்பம் விழும்வரை அது உங்கள் வீடு. பார்க்க வருபவர் உங்கள் விருந்தாளி. விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

கலண்டரைக் கழற்றினேன்

ஐந்தாவதாக எழுதியதுதான் தரகர்களுக்குக் கசந்தது. வெடிப்பை நானே முதலில் காட்டுவேன் என்று எழுதியிருந்தேன். "ஹாஜியார், இப்படிச் செய்தால் வீடு விற்பட்டமாதிரித்தான்" என்றார் ஒருவர். கலண்டரைக் கழற்றிக் குசினியில் மாட்டினேன்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியிடம் நபிகளார் (ஸல்) கேட்ட சம்பவத்தை ஜும்ஆப் பிரசங்கங்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! புடைவையில் அறுந்த இழை இருந்தால் சொல்லித்தான் விற்பேன். பல இலட்சம் பெறுமதியான வீட்டில் மட்டும் எப்படி மறந்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்திலும் விற்பவன் அறிந்தே மறைத்த குறைக்கு அவனே பொறுப்பு. ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டைச் சந்தைக்கு விடும்போதே நில மதிப்பீட்டாளர் பரிசோதித்து எழுதிய அறிக்கையைத் தயாராக வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டின் நிலைமை அதில் பகுதி பகுதியாக எழுதப்பட்டிருக்கும். வாங்க நினைப்பவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இதனால் வீண் பார்வையாளர்களும் குறைவார்கள்.

ஒக்டோபரில் ஒரு சிங்கள ஆசிரியத் தம்பதியினர் வந்தார்கள். பின்னால் கூட்டிப்போய் அணையையும், உள்ளே வெடிப்பையும் காட்டினேன். அந்த ஆசிரியர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டிய முதல் ஆள் நீங்கள்தான் முதலாளி" என்றார். நாலைந்து வீடு பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். 88 இலட்சத்துக்குப் பேசி, வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் இறங்கி எத்தனை குடும்பங்கள் மண்ணுக்குள் போயின என்பதை நாம் அறிவோம். இரண்டு இரவுகள் உம்மாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்கினோம். அல்லாஹ்வின் உதவியால் அணை நின்றது. ஆனால் வெடிப்பு அகன்றிருந்தது.

போன் பாதை சரியானதும் ஆசிரியர் கேட்டது, "உம்மா சுகமா? அந்தச் சுவர் எப்படி?" என்றுதான். கலண்டர் தொங்கிக்கொண்டிருந்திருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்? யோசித்துப் பாருங்கள்.

அதேவேளை தரகர் ஒருவரும் வந்தார். "பூசி பெயின்ட் அடித்துவிடுங்கள். தூர இடத்து ஆள் ஒருவர் இருக்கிறார். 90க்கு முடிக்கலாம்" என்றார். வங்கித் தவணை தலைக்குமேல் நிற்கும் நேரம். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே வேறொருவரின் பிள்ளை படுக்கப் போகிறது. வேண்டாமென்று அனுப்பினேன்.

மண்சரிவு ஆய்வுக்குப் பொறுப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பிரதேச செயலகம் மூலம் விண்ணப்பித்தோம். வந்து பார்த்தவர்கள், இருக்கலாம், ஆனால் அணைக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீரை வடிகால் வெட்டி வெளியேற்றி, அணையையும் பலப்படுத்தவேண்டும் என்றார்கள். அந்தச் செலவையும் கணக்கிட்டு, ஆசிரியருக்கே 80 இலட்சத்துக்கு உறுதி முடித்தோம். அறிக்கையின் பிரதியையும் அவர் கையில் கொடுத்தேன்.

80 இலட்சத்தில் உம்மாவுக்கு 10. தங்கச்சிமாருக்குப் பதினேழரை வீதம். எனக்கு 35. என் கடன் அடைந்தது. ஆரம்பத்தில் கேட்ட விலையிலிருந்து 15 இலட்சம் குறைவு. அது என் பணம் மட்டுமல்ல, தங்கச்சிமாரின் பணமும்தான். மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை. இளையவள், மகளுக்குக் கலியாணம் பேசியிருப்பவள், சில வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நேர்மைக்கும் விலை உண்டு, அதைச் சில வேளை பக்கத்திலுள்ளவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையிலும் ஒரு கலண்டர் தொங்கும்.

உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். உம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கைநாட்டு வைத்தார். ஆசிரியரின் மனைவி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். இப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹேவாஹெட்ட பக்கம் போனால் அந்த வாசலில் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிறார்கள். அணைக்குப் பின்னால் வெட்டிய வடிகாலில் தண்ணீர் ஓடுவதையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

வீட்டை விற்கப் போகும் சகோதரர்களே, ஆள் வருவதற்கு முன் இரண்டு கேள்விகளை உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிட்டேனா? சுவரில் தொங்கும் கலண்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?