பழைய டிராக்டர் கிரயம்: சில தப்பெண்ணங்கள்

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பூமியில், முந்திரி, பலாத் தோப்புகளுக்கிடையே உழுவதற்குப் பழைய டிராக்டர் வாங்குவோர் உண்டு. அவர்களிடையே மூன்று தப்பெண்ணங்கள் காணப்படுகின்றன.

ரொக்கம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினால் கிரயம் முடிந்தது என்பது முதலாவது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும், அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டியால் விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

புதுப் பெயிண்டு நல்ல வண்டிக்கு அடையாளம் என்பது இரண்டாவது. குளிர்ந்திருக்கும் இஞ்சினைக் கிளப்பிப் பார்த்தல் வேண்டும். ஓயாத நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும்.

விற்றவர் கடன் விற்றவரோடு போம் என்பது மூன்றாவது. பதிவுச் சான்றில் கடன் குறிப்பிருந்தால், அது நீங்கிய பின்னரே முழுப் பணமும் கொடுத்தல் நலம்.

கிராம அதிகாரிகள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.