பழைய விமான கிட்டா? பிளேடை எடுக்கும் முன் ஸ்கேனரைத் திறங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் பலர், கூடவே பிரிண்டரும் ஸ்கேனரும் இணைந்த ஆல் இன் ஒன் சாதனத்தையும் வாங்கிவிடுகின்றனர். மார்க் ஷீட், ரேஷன் கார்டு என நாலைந்து நகல் எடுத்ததோடு சரி. பிறகு அது துணி போர்த்தி மூலைக்குப் போய்விடுகிறது. அந்த ஸ்கேனர் ஒரு பழைய மாடல் விமானத்தை எப்படிக் காப்பாற்றும் என்பதை இங்கு பார்க்கலாம்.

என் பெரியப்பா 1970களில் வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த விமான கிட் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அன்று இரவே பிளேடும் பசையுமாக உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் என்னிடம் இருந்தது அழகான இரண்டு இறக்கைகள். இரண்டுமே இடது இறக்கைகள்! அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

இது என்ன கிட்?

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டும் கிட் அல்ல இது. பால்சா என்ற மிக லேசான மரத்தின் மெல்லிய தகடுகள், குச்சிகள், மேலே போர்த்த டிஷ்யூ பேப்பர், முழு அளவில் அச்சிட்ட பிளான் ஆகியவை பெட்டியில் இருக்கும். பிளான் மீதே குச்சிகளை வைத்து, குண்டூசியால் பிடித்து, ஒட்டி எலும்புக்கூடு போல உருவாக்க வேண்டும். அமெரிக்காவில் 1926ல் தொடங்கப்பட்ட கில்லோஸ், இங்கிலாந்தின் கெய்ல்கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் இவ்வகை கிட்களால் புகழ் பெற்றவை.

பழைய கிட்களில் சிரமம் அதிகம். பாகங்களின் வடிவம் பால்சா தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நாம்தான் வெட்டி எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் கிடந்த மரம் சட்டென்று பிளந்துவிடும். ஒரு ரிப் உடைந்தால் மாற்று கிடைக்காது. முதல் வெட்டு விழுந்ததும் அந்தத் தகட்டின் முழு வடிவமும் போய்விடும். எனவே, முக்கிய பைலைத் திருத்தும் முன் பேக்கப் எடுப்பது போல, இங்கும் முதல் வேலை பேக்கப்தான்.

ஸ்கேன் செய்திடும் முறை

1. பிளான், மரத் தகடுகள், ஸ்டிக்கர் தாள் அனைத்தையும் ஸ்கேன் செய்திடவும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலையும் வைத்திடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2. ரெசல்யூஷன் 300 டி.பி.ஐ. போதும். ஓர் அங்குலத்திற்கு, அதாவது 25.4 மி.மீ.க்கு 300 புள்ளிகள் என்பது இதன் பொருள். இந்த அளவில் ஒரு ஏ4 பக்கம் 2480 x 3508 புள்ளிகளாகும். சுருக்காமல் வைத்தால் வண்ணத்தில் சுமார் 26 எம்.பி. இடம் பிடிக்கும்.

3. பைலை டிஃப் அல்லது பி.என்.ஜி. வகையில் சேவ் செய்திடவும். ஜேபெக் பைல் சிறியதுதான். ஆனால் அதிகம் சுருக்கினால் கோடுகளின் ஓரம் கலங்கிவிடும்.

4. பிளான் பெரியதாக இருந்தால் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்திடலாம். ஒவ்வொரு பகுதியும் அடுத்ததன் மீது 2 செ.மீ. படிய வேண்டும். மொபைல் கேமராவில் எடுக்க வேண்டாம். சற்று சாய்ந்தாலும் அளவு மாறிவிடும்.

பிரிண்ட் எடுக்கையில் கவனம்

பலரும் தவறுவது இங்குதான். பல புரோகிராம்கள், படத்தைத் தாளுக்குள் அடக்கத் தாமாகவே சுருக்கிவிடுகின்றன. கடிதத்திற்கு இது பரவாயில்லை. ஆனால் 60 மி.மீ. ரிப் 4 சதவீதம் சுருங்கினால் 2 மி.மீ.க்கு மேல் குறையும். பழைய ரிப்களுக்கு நடுவே இது பள்ளமாகத் தெரியும்.

வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் இர்பான்வியூ புரோகிராமில் பைலைத் திறந்து, கண்ட்ரோல் + பி அழுத்துங்கள். கிடைக்கும் விண்டோவில், படத்தின் டி.பி.ஐ. படியான ஒரிஜினல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிரிண்ட் வந்ததும், அச்சாகியுள்ள ஸ்கேல் படத்தின் மீது உண்மையான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. சரியாக 100 மி.மீ. இருக்க வேண்டும். 97 மி.மீ. தான் இருந்தால், பிரிண்ட் அமைப்பில் எங்கோ சுருக்கப்பட்டுள்ளது. அதைச் சரி செய்த பிறகே மேலே செல்லுங்கள்.

உடைந்த பாகத்தின் பிரிண்டை, அதே தடிமனுள்ள புதிய பால்சா தகட்டில் லேசாக ஒட்டி வெட்டினால் மாற்றுப் பாகம் தயார். மரத்தின் நார் பாகத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மீண்டும் உடையும்.

இரண்டு இடது இறக்கைகள்

காகிதம் மிச்சம் பிடிக்க, சில பழைய பிளான்களில் ஒரு இறக்கையை மட்டுமே வரைந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பிளான் மீது எண்ணெய் தடவி, கோடுகள் பின்புறம் தெரியும்படி செய்து, அந்தப் பக்கத்தில் மறு இறக்கையைக் கட்டினர். நான் இதை அறியாமல் ஒரே படத்தின் மீது இரண்டையும் கட்டினேன். திருப்பிப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கும். கவிழ்த்தால் அந்த வளைவு கீழே போய்விடும். கவிழ்க்காமல் சுற்றி வைத்தால் முன் ஓரம் பின்னால் போய்விடும்.

கம்ப்யூட்டரில் இது ஒரு கீ வேலை. இர்பான்வியூவில் படத்தைத் திறந்து எச் கீயை அழுத்துங்கள். படம் இட வலமாக மாறும். எழுத்துக்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தால் சரியாக மாறியுள்ளது என்று பொருள். இதை வேறு பெயரில் சேவ் செய்திடவும். ஒரிஜினல் பைல் அப்படியே இருக்கட்டும்.

கட்டும்போது

நகல் பிளானை சாஃப்ட் போர்டில் விரித்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்புங்கள். இல்லையேல் விமானம் பிளானோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் உள்ள பழைய பசை, ரப்பர் ஆகியவற்றை நம்ப வேண்டாம். பெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஆரம்பநிலையினருக்கு ஏற்றது. காய நேரம் எடுப்பதால் தவறைத் திருத்த முடியும்.

ஸ்டிக்கரை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட நினைத்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வீட்டு பிரிண்டரில் வெள்ளை இங்க் கிடையாது. எனவே வெள்ளை நிறம் தேவைப்படும் ஸ்டிக்கரை வெள்ளைத் தாளில்தான் அச்சிட வேண்டும்.

என் தவறான இறக்கையை ஒதுக்கிவிட்டு, ரிப்களைப் புதிதாக வெட்டி வலது இறக்கையைக் கட்டினேன். நான் வெட்டிய தகடுகள் முழுதாக இனி கிடைக்காது. ஆனால் மீதி பாகங்களும் பிளானும் இப்போது பென் டிரைவில் இருக்கின்றன. ஒரிஜினல் பிளானை பழைய மடிப்பு மாறாமல் மடித்து, விமானத்துடன் பெரியப்பாவிடமே கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், முதலில் ஸ்கேனரின் மீதுள்ள துணியை எடுங்கள்.