நாயின் குடற்புழுவும் உப்புக் கரைசலும்

விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க நம் உழவர்கள் கையாளும் ஒரு முறையை நீங்கள் பார்த்திருக்கலாம். வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையை இடுவார்கள். அது அடியில் போய்க் கிடக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பைப் போட்டுக் கலக்குவார்கள். ஒரு நிலையில் முட்டை மேலெழுந்து, அதன் ஓடு ஒரு காசளவு வெளியே தெரியும். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். முற்றிய விதை மூழ்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிடுவார்கள்.

இதே உப்புக் கரைசல்தான் ஒரு நாயின் குடலில் புழு இருக்கிறதா என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே மிதப்பது எதுவோ அதுவே நமக்கு வேண்டியது.

குடலில் வாழும் கொக்கிப்புழுவோ சாட்டைப்புழுவோ வெளியே வந்து முகம் காட்டுவது அரிது. வெளியே வருவன அவை இடும் முட்டைகள். கொக்கிப்புழுவின் முட்டை ஏறத்தாழ 60 மைக்ரான் நீளமும் 40 மைக்ரான் அகலமும் உடையது. ஒரு மில்லிமீட்டரில் அப்படிப்பட்ட முட்டைகள் பதினாறை வரிசையாக அடுக்கலாம். உருண்டைப்புழுவின் முட்டை சற்றுப் பெரியது. பழுப்பு நிறம், தடித்த ஓடு, ஓட்டின்மேல் அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகள். சாட்டைப்புழுவின் முட்டை எலுமிச்சை வடிவில் இருமுனைகளிலும் அடைப்பான் வைத்ததுபோல இருக்கும். ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டால் மறக்காது.

ஆனால் முதலில் அது கண்ணில் பட வேண்டுமே! தீக்குச்சி முனையளவு மலத்தை ஒரு சொட்டு நீரில் குழப்பிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது எளிய முறை. அப்படி எடுக்கும் மலம் சில மில்லிகிராம்தான். அதிலும் செரிக்காத நார், மாவுத் துகள், மயிர், எண்ணெய்த் துளி என்று ஆயிரம் சரக்குகள். கேழ்வரகு மூட்டையில் விழுந்த கடுகைத் தேட ஒரு சிட்டிகை மட்டும் அள்ளிப் பார்ப்பது போன்றது இது.

1921-இல் ஆஸ்திரேலியாவில் வில்லிஸ் என்பவர் மனிதரின் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டறிய ஓர் எளிய மிதப்பு முறையை வெளியிட்டார். இரண்டு மூன்று கிராம் மலத்தை, இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்குத் தெவிட்டிய உப்புக் கரைசலில் கலக்கிக் குழாயின் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். அதன் வாயை ஒரு கண்ணாடித் தகட்டால் மூடிச் சிறிது நேரம் காத்திருந்து, தகட்டை அப்படியே மேலே தூக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றும் கால்நடை மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இதில் உள்ள இயற்பியலைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நாயின் கொக்கிப்புழு முட்டையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.06, உருண்டைப்புழு முட்டைக்கு 1.09, சாட்டைப்புழு முட்டைக்கு 1.15. எல்லாம் நீரைவிடக் கனமானவை. ஆகவே வெறும் நீரில் மூழ்கிவிடும். தெவிட்டிய உப்புக் கரைசலின் ஒப்படர்த்தி 1.20. ஆகவே மூன்றும் அதில் மேலெழும். எவ்வளவு விரைவாக? பாய்மத்தில் நகரும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதியை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். எண்ணெயில் இரும்புக் குண்டு விழும் கணக்கையே அதற்குப் போட்டுப் போட்டு நமக்கு அலுத்துவிட்டது. இப்போது கொக்கிப்புழு முட்டையை 50 மைக்ரான் விட்டமுள்ள கோளமாகக் கொள்ளுங்கள். உப்புக் கரைசலின் பாகுநிலை நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கணக்கிட்டால் விடை நொடிக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர்! 5 சென்டிமீட்டர் உயரமுள்ள குழாயின் அடியிலிருந்து மேலே வர எட்டு ஒன்பது நிமிடங்கள் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

சாட்டைப்புழு முட்டைக்கும் கரைசலுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவு. அதே கணக்கில் அதற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அவசரப்பட்டுத் தகட்டை எடுத்தால் அது இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்றுவதன் பயன் இங்கேதான் விளங்கும். புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு முடுக்கம் கிடைத்தால், நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகிவிடும். நாடாப்புழுக்களில் ஒருவகையின் முட்டை 1.22-க்கும் மேல் அடர்த்தி உடையது. அதை உப்புக் கரைசல் தூக்காது. செறிந்த சர்க்கரைக் கரைசல் வேண்டும். மிகுந்த நேரம் காத்திருப்பதும் தவறு. உப்பு, சவ்வூடு பரவலால் முட்டைக்குள்ளிருக்கும் நீரை உறிஞ்சி அதைச் சுருங்கச் செய்துவிடும்.

ஒப்படர்த்தி, பாகுநிலை எல்லாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் எனக்கே ஒரு பாடம் புரியாமல் இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நாய் நான்கு குட்டிகள் ஈன்றது. பன்னிரண்டாம் நாள் ஒரு குட்டி பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. ஈறுகள் வெளுத்திருந்தன, மலம் தார்போலக் கறுத்திருந்தது. பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். 'முட்டைகள் தென்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். 'புழு இல்லை' என்று நான் படித்துக்கொண்டேன். மறுநாள் இரவு குட்டி இறந்துவிட்டது.

பின்னர் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். தாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பால் வழியாகக் குட்டிக்குள் புகுகின்றன. அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அதற்கு முன்பே இரத்தம் உறிஞ்சத் தொடங்கிவிடுகின்றன. ஒரு புழு நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை இரத்தத்தை வீணாக்கக்கூடும். உள்ளங்கை அளவுக் குட்டிக்கு எத்தனை நாள் இரத்தம் இருக்கும்? இல்லாத முட்டையை எந்தக் கரைசல் மிதக்கவைக்கும்? எழுதித் தந்தது சரியே. படித்தவன் படித்த விதம்தான் தவறு. மற்ற மூன்று குட்டிகளுக்கும் தாய்க்கும் அன்றே புழு மருந்து கொடுக்கப்பட்டது, அவை பிழைத்தன. குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே, முட்டை தெரிகிறதா என்று காத்திராமல், மருந்து கொடுக்கத் தொடங்குவதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை.

சாட்டைப்புழுவோ முட்டையிட ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. அதன்பின்னும் எல்லா நாளும் ஒரே அளவில் இடுவதில்லை. குடலில் இருப்பவை ஆண் புழுக்கள் மட்டுமேயானால் முட்டைக்கு வழியே இல்லை. இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. தெருவில் ஆட்டுப் புழுக்கையைத் தின்ற நாயின் மலத்தில் ஆட்டுப் புழுவின் முட்டைகள் மிதக்கும். நாய்க்கு அந்தப் புழு இராது. முட்டையை நம்பாமல், புழு வெளியிடும் புரதத்தை மலத்தில் தேடும் சோதனைகளும், புழுவின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனைகளும் இப்போது வந்துள்ளன. முட்டையிடும் பருவத்துக்கு முன்பே சில புழுக்களை அவற்றால் அறிய முடிகிறது. எல்லா ஊர்களிலும் அவை கிடைப்பதில்லை.

இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளுக்கு மலத்தில் தடயம் இராது. சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் 'பபேசியா கிப்சோனி' என்னும் நுண்ணுயிரை 1910-இல் பாட்டன் என்பவர் விவரித்தார். அதை அவர் முதலில் கண்டது சென்னை வேட்டைக் குழுவின் நாய்களிடத்தில்! பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டார். சாயமேற்றிய இரத்தப் பூச்சில்தான் அதைத் தேட வேண்டும். இதயப்புழுவின் குஞ்சுகளைத் தேடும் நாட் முறையோ நம் மிதப்பு முறையின் மறுதலை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தை 2 விழுக்காடு ஃபார்மலினில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைத்துச் சுழற்றினால், குஞ்சுகள் அடியில் படியும். அங்கே வேண்டியது மூழ்குவது.

நாயின் வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1950-இல் அமெரிக்காவில் வைல்டர் என்ற அம்மையார், பெரும்பாலும் புற்றுநோய் என்று ஐயுற்று அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை ஆராய்ந்தார். 46 கண்களில் 24-இல் இருந்தது புற்றுநோயன்று. உருளைப்புழு வகையின் தடயம்! ஆறாண்டு கழித்து நிக்கல்ஸ் என்பவர் அவற்றில் சிலவற்றை நாயின் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் என்று இனங்கண்டார். புதிதாக வெளிவந்த முட்டை தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ கிடந்தபின்தான் தொற்றும் நிலையை அடைகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கவும் வல்லது. நாய் கழித்ததை அன்றன்றே அகற்றுவதன் பொருள் இதுதான்.

உங்கள் நாயின் மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது கையுறை அணிந்து, கழித்த உடனே, தரையைத் தொடாத மேற்பகுதியிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து மூடியுள்ள புட்டியில் இடுங்கள். எந்த முறையில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முட்டை தென்படவில்லை என்றால் சில நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் எடுத்ததை மறுநாள் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரித்துவிடக்கூடும். மண்ணில் இயல்பாக வாழும் புழுக்களும் அதற்குள் மலத்தில் ஏறிக்கொண்டால், எது நாயினுடையது எது மண்ணினுடையது என்று பிரிப்பது பழகிய கண்ணுக்கும் கடினம்.