சாட்சி சொல்லும் தேதிகள்

ஒரு பெண் கோபப்பட்டால், "பீரியட்ஸ் வரப்போகுது போல" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதே பெண், மாதாமாதம் அந்த நாட்களில் தன்னால் தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால், "எல்லாருக்கும் வர்றதுதானே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கிறார்கள். முதல் பேச்சில் அவளுடைய நியாயமான கோபம் நோயாகிவிடுகிறது. இரண்டாவதில் அவளுடைய நோய் வெறும் சாக்காகிவிடுகிறது. இரண்டு அநியாயத்துக்கும் காரணம் ஒன்றே: யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. பிஎம்எஸ் என்று நாம் சொல்லும் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லையை அடையாளம் காட்டுவது எரிச்சலோ அழுகையோ அல்ல. அவை வந்து போகும் காலம்தான். அந்தக் காலத்தைக் குறித்துப் பார்க்காமல் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்ட வீட்டாருக்கு உரிமை இல்லை, மருத்துவருக்கும் இல்லை.

கருமுட்டை வெளியானதிலிருந்து மாதவிடாய் தொடங்கும்வரை ஏறத்தாழ இரண்டு வாரம். எரிச்சல், காரணமில்லாத அழுகை, வயிற்று உப்புசம், மார்பில் கனமும் வலியும், தூக்கக்கேடு ஆகியவை இந்தக் காலத்தில் தலைதூக்கி, உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அடங்கிவிட வேண்டும். அதன்பின் ஒரு வாரமாவது நிம்மதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பிஎம்எஸ். நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 1931இலேயே இதைப் பற்றி எழுதினார். இதன் கடுமையான வடிவம் பிஎம்டிடி. மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 3 முதல் 8 சதவீதம் பேருக்கு அது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல்தான் தன் கையேட்டில் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. கண்டறியும் முறை மிக எளிது. ஒரு தாளில் இடப்பக்கம் கோபம், அழுகை, உப்புசம், தூக்கம் என வரிசையாக எழுதி, மேலே தேதிகளைப் போட்டு, ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் 1 முதல் 6 வரை மதிப்பெண் இட வேண்டும். இரண்டு சுழற்சி முடிந்ததும் தாளைப் பார்த்தால் போதும். 5, 6 எல்லாம் மாதவிடாய்க்கு முந்தைய கட்டங்களில் மட்டும் குவிந்திருந்தால் ஒரு முடிவு. மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் வேறு முடிவு: தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, அல்லது மாறவே மாறாத வீட்டுச் சூழல்.

"ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகென்ன நோய்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹார்மோன் அளவு சரியாக இருப்பது உண்மைதான். பீட்டர் ஷ்மிட் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. பிஎம்எஸ் உள்ள பெண்களுக்கு ஊசி மருந்து மூலம் சூலகச் செயல்பாட்டை நிறுத்தியபோது பலருக்குத் தொல்லை குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்ததும் தொல்லை மீண்டது. பிஎம்எஸ் இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன்களைக் கொடுத்தும் மனநிலை மாறவில்லை. குறை ஹார்மோனின் அளவில் இல்லை. வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கே மூளை வேறுவிதமாக எதிர்வினை காட்டுகிறது. இதை மனஉறுதிக் குறைவு என்று சொல்வது அறியாமை.

இதைவிட வலுவான ஆட்சேபம், இவையெல்லாம் சமூகம் ஊட்டிய நம்பிக்கை என்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டயான் ரூபிள் 1977இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம். மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஒரே அளவு நாட்கள் இருந்த பெண்களில் சிலரிடம், "ஓரிரு நாளில் வந்துவிடும்" என்று நம்பும்படி சொன்னார்கள். தள்ளிப்போகும் என்று நம்பியவர்களைவிட அவர்கள் அதிக வலியும் உப்புசமும் இருப்பதாகச் சொன்னார்கள். இந்த ஆய்வை நான் முழுமையாக ஏற்கிறேன். எதிர்பார்ப்பு உடலுணர்வைக் கூட்டும். ஞாபகமும் கூட்டிச் சொல்லும். அதனால்தான் போன மாதம் எப்படி இருந்தது என்ற நினைவை நம்பாமல், அன்றன்றைக்குக் குறிக்கச் சொல்கிறோம்.

இன்னொரு அச்சமும் உண்டு: இதை ஒப்புக்கொண்டால் பெண்களுக்கு வேலையும் பொறுப்பும் தர மறுப்பார்களே? அமெரிக்க ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் எட்கர் பெர்மன், ஹார்மோன் கொந்தளிப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் உயர்பதவிக்குப் பொருந்தமாட்டார்கள் என்று 1970இல் பேசினார். அச்சம் வீணல்ல. ஆனால் மறைப்பதால் பெர்மன்கள் மறைந்துவிடுவதில்லை. வைத்தியம் கிடைக்க வேண்டியவள் மட்டும் அதை இழக்கிறாள். எல்லாப் பெண்களையும் ஒரே பொதுப்பேச்சில் அடைக்கும் வாதத்தை உடைப்பதும் அந்தத் தாள்தான்: இவளுக்கு இருக்கிறது, இந்த நாட்களில், இந்த அளவில், அவளுக்கு இல்லை.

வைத்தியமும் இருக்கிறது. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் மனச்சோர்வுக்கு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இதற்கோ சில நாட்களிலேயே பலன் தெரியும்; பலருக்குச் சுழற்சியின் பிற்பாதியில் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். சிலவகைக் கருத்தடை மாத்திரைகள், உளவியல் சிகிச்சை, தினசரி உடற்பயிற்சி, கால்சியம் ஆகியவையும் பயன் தருகின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம். இன்றிரவே தாளைத் தொடங்குங்கள். நிரம்பியதும் மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் மட்டும் தாள் நிரம்பக் காத்திருக்கக் கூடாது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.